உடையங்குளத்துக்குப் பறவை வந்த நாள்

தை பிறந்துவிட்டால் உடையங்குளத்தில் யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். குளத்துக்குள் நிற்கும் உடைமரங்களில் முதல் கூழைக்கடாப் பறவை வந்து முதல் சுள்ளியை வைத்த அன்று தொடங்குகிற கட்டுப்பாடு அது. ஆடியில் கடைசிக் குஞ்சு பறந்துபோகும் வரை ஊரில் வெடி கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, மேளம் கிடையாது. கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளிவைப்பார்கள். கோயில் கொடைத் திருவிழாவையும் தள்ளிவைப்பார்கள். சாவை மட்டும் தள்ளிவைக்க முடியாது. ஆகவே அந்த மாதங்களில் செத்தவர்களைக் கொட்டு இல்லாமல் தூக்கிக்கொண்டு போவார்கள். நாலு தெருவுக்கும் அதே வழக்கம்தான்.

இந்தக் கடைசி வரியைத் தெரிந்துகொள்ளாமல் ஒருவர் அந்த ஊருக்குள் வந்தார். தளவாய் என்று பெயர்.

நாற்பது வருஷம் போராட்டம் போராட்டம் என்று அலைந்த மனிதர். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு அவரை வெளியே அனுப்பிவிட்டது. மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கைகளில் படித்தது. ஏழு முறை சிறை. நெற்றியில் நீளமாக ஒரு தையல் தழும்பு. பக்கத்து வட்டாரத்து ஊர் ஒன்றில் தெற்குத் தெருப் பிணத்துக்குக் கொட்டு அடிக்கக் கூடாது என்று மேலத்தெருக்காரர்கள் மறித்தபோது முன்னால் நின்று வாங்கியது. அன்று கொட்டு அடித்துத்தான் பிணம் போயிற்று. அந்தத் தழும்பை மறைக்காமல்தான் அவர் எப்போதும் தலை சீவுவார். அதில் தப்பும் இல்லை.

சில வருஷம் கழித்து, ஒரு பங்குனி மாதம், உடையங்குளத்தில் ஒரு சாவு, கொட்டு இல்லையாம் என்று அவர் காதில் விழுந்தது. எந்தத் தெரு என்று கேட்டார். தெற்குத் தெரு என்றார்கள். அவருக்கு அது போதுமாக இருந்தது. மற்றத் தெருக்களில் கொட்டு உண்டா என்று அவர் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் ஒரு வேன், இருபது பறை, இரண்டு குழாய் ஒலிபெருக்கி, கொடிக்கம்புகள், ஒரு சாக்கு நிறைய வெடி. குளத்தங்கரை வழியாகத்தான் இடுகாட்டுக்குப் பாதை. கரை நெடுகப் பிணத்துக்கு முன்னால் அவரே நடந்தார். ஊர்க்காரர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. செத்தவரின் பெண்டாட்டி மட்டும் மூன்று முறை அவரிடம் வந்து என்னவோ சொல்லப் பார்த்தாள்; அவர் நின்று கேட்கவில்லை. நூறு வருஷம் அடங்கிக் கிடந்த மக்கள் இப்படித்தான் நிற்பார்கள் என்று அன்று சாயங்காலமே ஒரு மேடையில் பேசினார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம், போகிற மேடையெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார்.

ஒரு கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கும்போது ஓர் ஆள் அவரை ஓரமாகக் கூப்பிட்டான். உடையங்குளத்துக்காரன். சண்டைக்கு வந்தவன்போல் இல்லை. தயங்கித் தயங்கித்தான் சொன்னான். அந்த ஊரில் எந்தத் தெருப் பிணத்துக்கும் அந்த மாதத்தில் கொட்டு கிடையாது. அன்று செத்துப்போன பலவேசம்தான் முப்பது வருஷமாக அந்தப் பறவைகளைப் பார்த்துக்கொண்டவர். வெடிச்சத்தத்தில் எழும்பிய பறவைகள் திரும்பிக் கூட்டில் உட்காரவில்லை. வெயிலில் குஞ்சுகள் காய்ந்து விழுந்தன. பலவேசத்தின் பெண்டாட்டி மாடத்தி, புருஷனைப் புதைத்த மறுநாளிலிருந்து மூன்று நாள், செத்த குஞ்சுகளை ஓலைக் கடகத்தில் பொறுக்கிப் பொறுக்கிப் புதைத்தாள். அதற்குப் பிறகு வந்த இரண்டு தையிலும் ஒரு பறவைகூட வரவில்லை.

"நீங்க நல்ல எண்ணத்துலதான் செஞ்சீங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனான் அவன். அந்த வார்த்தைதான் தளவாயை அதிகமாகச் சுட்டது.

அதற்கப்புறம் அவர் மேடை ஏறவில்லை.

உடையங்குளத்தின் மடையருகே ஒரு குடிசை உண்டு. அதில் இருந்தவரை ஊர்க்காரர்கள் குளத்துச் சாமி என்பார்கள். தூரத்து ஊர்களிலிருந்து தேடி வருபவர்கள் ஆசான் என்பார்கள். நாற்பது வயதுதான் இருக்கும். முன்பு லாரி ஓட்டியவர். பலவேசத்துக்குக் கூடமாட இருந்து பறவைகளைப் பற்றித் தெரிந்துகொண்டவர். மரத்திலிருந்து விழுகிற குஞ்சுகளை எடுத்துவந்து முள்வேலிப் பட்டியில் வைத்து மீன் கொடுத்து வளர்ப்பார். பறவை வராத இரண்டு வருஷமும் அந்தக் காலிப் பட்டியைத் தினமும் பெருக்கிக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு மார்கழிக் காலையில் தளவாய் துணிப்பையோடு அங்கே வந்து நின்றார். வயது அறுபத்து நாலு. தன்னைவிட இருபத்து நாலு வயது குறைந்தவரிடம் பாடம் கேட்க வந்திருக்கிறோம் என்பதே அவருக்குத் தொண்டையில் முள்ளாக இருந்தது.

"உங்களைச் சாமின்னு கூப்பிட எனக்கு நாக்கு வராது. நாற்பது வருஷப் பழக்கம்" என்றார்.

"வேற எப்படி வரும்?"

"தோழர்னு வரும்."

"அப்படியே கூப்பிடுங்க அண்ணாச்சி. லாரி ஓட்டுற காலத்துல இதைவிட மோசமாக் கூப்பிட்டிருக்காங்க."

தளவாய் நடந்ததையெல்லாம் சொன்னார். ஆசான் கேட்டுக்கொண்டே மீன்வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். புதிதாக ஒன்றும் கேட்பவர்போல் அவர் முகம் இல்லை.

"அதுக திரும்பி வருமா தோழர்?"

"எனக்குத் தெரியாது. நீங்க காலையில கரையில போயி உட்காருங்க. சாயங்காலம் நான் கேட்பேன். வந்ததா இல்லையான்னு சொல்லுங்க. அதான் வேலை."

தளவாய்க்கு ஏமாற்றமாக இருந்தது. பட்டினி கிடக்கச் சொல்வார், ஊர் நடுவில் நிற்கச் சொல்வார் என்று எதிர்பார்த்து வந்தவர். உட்காரும் வேலையை அவர் ஆயுளில் செய்ததில்லை. மறியலுக்குக்கூட முதலில் எழுந்து நின்று கோஷம் போட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

உட்கார்ந்தார். குளத்தில் தண்ணீர் இருந்தது, மீன் இருந்தது. உடைமரங்களில் பழைய கூடுகளின் சுள்ளிகள் தொங்கின. மரத்தடிச் சேற்றில் ஒருநாள் சின்ன எலும்பு ஒன்று அவர் காலில் தட்டுப்பட்டது. விரல் நீளம்தான். அதை எடுத்து எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு கரை மண்ணில் புதைத்தார்.

சாயங்காலம் ஆசான் கேட்பார். "வந்ததா அண்ணாச்சி?"

"வரலை தோழர்."

மார்கழி முழுக்க இதே பேச்சுத்தான். நடுவில் டீ குடிக்க ஊருக்குள் போவார். கடையில் இருப்பவர்கள் எழுந்து இடம் விடுவார்கள். அவர் பேசினால் தலையாட்டுவார்கள். எதிர்த்து ஒரு பேச்சு கிடையாது. இவ்வளவு நடந்த பிறகும் இந்த ஊர் தன்னை மதிக்கிறதே என்று நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் இதமாகவும் இருந்தது.

தெற்குத் தெருப் பக்கம் மட்டும் அவர் போகவில்லை.

தை பாதியில் வானத்தில் வெள்ளையாக ஒரு கூட்டம் சுற்றிற்று. மூன்று நாள் சுற்றியும் இறங்கவில்லை. நாலாம் நாள் ஊரிலிருந்து வெகுதூரத்துக்கு அப்பால், கீழ்க்கோடி மரங்களில் இறங்கிற்று. தளவாய் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"வந்துட்டுது தோழர். ஒரு எழுபது இருக்கும்."

"நான் பதினொண்ணுதான் பார்த்தேன்."

தளவாய் தழும்பைத் தடவிக்கொண்டார். "பழக்கதோஷம். பத்திரிகைக்குக் கூட்டத்தை நாங்க அப்படித்தான் எண்ணிச் சொல்லுவோம்."

"பறவை பத்திரிகை படிக்காது அண்ணாச்சி" என்றார் ஆசான்.

மாசியில் நூறு, இருநூறு என்று வந்து சேர்ந்தன. ஆண் பறவை சுள்ளியைக் கவ்விக்கொண்டு வரும். பெண் அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, சில சமயம் பிடிக்காமல் தண்ணீரில் போட்டுவிடும். ஆண் மறுபடி போகும். தளவாய் நாளெல்லாம் இதைப் பார்த்தார். நாரைகளும் வந்து நடுமரங்களைப் பிடித்துக்கொண்டன. குளமே இரைந்தது. அப்படியும் ஆசான் சாயங்காலம் தவறாமல் கேட்டார்.

"வந்ததா அண்ணாச்சி?"

தளவாய்க்கு எரிச்சல் வந்தது. "கண் முன்னால நிக்குதே தோழர். மரம் தெரியலை, அவ்வளவு இருக்கு."

ஆசான் சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டுப் பட்டியைப் பெருக்கப் போனார். மறுநாளும் அதையே கேட்டார்.

பறவைகள் தன்னை மன்னித்துவிட்டன என்று தளவாய் முடிவு கட்டிக்கொண்டார். இனி ஊரிடம் கேட்கவேண்டியதுதான் பாக்கி. அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி, டவுனுக்குப் பஸ் ஏறிப்போய், ஐந்நூறு பிரதி அச்சடித்துக்கொண்டு வந்தார். மேலே பெரிய எழுத்தில் 'உடையங்குளம் பொதுமக்களிடம் ஒரு பகிரங்க மன்னிப்பு' என்று போட்டிருந்தது. கீழே அவருடைய பெயரும் ஏழு சிறைகளின் பெயரும்.

"ஊரைக் கூட்டி இதைப் படிச்சிட்டுக் கொடுக்கப் போறேன். மைக் வேண்டாம். என் குரலே ஆயிரம் பேருக்குக் கேட்கும்" என்றார்.

"முதல்ல எனக்குப் படிச்சுக் காட்டுங்க" என்றார் ஆசான்.

தளவாய் கரையில் எழுந்து நின்றார். தொண்டையைச் சரிசெய்தார். முதல் இரண்டு வரி சாதாரணமாகத்தான் வந்தது. மூன்றாவது வரியில் பழைய குரல் தானாக எழும்பிற்று. 'என் நெஞ்சம் குமுறுகிறது' என்ற இடத்தில் கை மேலே போயிற்று.

பக்கத்து மரத்திலிருந்து நாலு கூழைக்கடாக்கள் படபடவென்று எழுந்தன.

தளவாய் அப்படியே நின்றார். கை இன்னும் மேலேதான் இருந்தது. எழுந்த பறவைகள் வட்டமடித்தன. கூடுகளில் வெள்ளையாக முட்டைகள் தெரிந்தன. அவர் மூச்சு விடவும் பயந்து, மெள்ள மெள்ள மண்ணில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து ஒன்று இறங்கிற்று. பிறகு மற்றவையும் இறங்கின.

"இன்னும் என்மேல கோபம்தானா தோழர்?" என்றார், கேட்டும் கேட்காததுமாக.

"கோபமா? அன்னைக்கும் அதுகளுக்குக் கோபம் இல்லை அண்ணாச்சி. பயம்தான்."

தளவாய் தாளை மடித்துக்கொண்டிருக்க, ஆசான் மேலும் கேட்டார்.

"கோபப்பட்டவன் ஒருநாள் மன்னிப்பான். பயந்தவன் என்ன செய்வான்?"

"ஒதுங்கிப் போவான்" என்றார் தளவாய்.

சொல்லி வாய் மூடவில்லை, டீக்கடை நினைவுக்கு வந்தது. எழுந்து இடம் விட்டவர்கள். அவர் பேசுவதற்கு முன்பே ஆடிய தலைகள். அன்றைக்குக் கரை ஓரமாக ஒதுங்கி நின்ற ஊர். மேடை ஏறி அதை அவர் என்னவென்று சொன்னார் என்பதும் நினைவுக்கு வந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டறிக்கைக் கட்டு பைக்குள் போயிற்று.

பங்குனிக் கடைசியில் காற்றடித்த ஒருநாள், கூழைக்கடாக் குஞ்சு ஒன்று கூட்டிலிருந்து விழுந்தது. தளவாய்தான் சேற்றில் இறங்கி எடுத்துவந்தார். ஒரு கால் மடங்கிக் கிடந்தது. ஆசான் தொட்டுப் பார்த்தார்.

"இது என் கைக்கு நிக்காது. பலவேசம் அண்ணன்தான் கால் கட்டுவார். இப்ப மாடத்தி அக்காவுக்குத்தான் தெரியும். கொண்டுபோயி குடுங்க."

"நானா?"

"எடுத்தது நீங்கதானே."

நாற்பது வருஷம் போலீஸ் தடிக்கு முன்னால் போனவர், தெற்குத் தெருவில் நுழைய இரண்டு முறை திரும்பி வந்தார். குஞ்சு அவர் துண்டுக்குள் கிடந்து துடித்தது. அதன் சூடு கைக்குத் தெரிந்தது. மூன்றாம் முறை போய்விட்டார்.

கடைசி வீடு. வேப்பமர நிழலில் உட்கார்ந்து மாடத்தி விறகுச் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள். "வாங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நாற்காலி எடுத்து வந்து போட்டாள். தள்ளி நின்றுகொண்டாள். கண் தரையைப் பார்த்தது. அவர் நாற்காலியில் உட்காரவில்லை. குஞ்சை நீட்டினார்.

குஞ்சைப் பார்த்ததும் அவள் வேறு ஆளாகிவிட்டாள். வாங்கி மடியில் வைத்து, ஓலை ஈர்க்கை ஒடித்து, சேலைக் கிழிசலைச் சுற்றி, கண்மூடித் திறக்குமுன் காலைக் கட்டினாள். கடகத்தில் கீழே விரிக்கக் காகிதம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டாள். அவர் துணிப்பையில் ஐந்நூறு துண்டறிக்கை இருந்தது. ஒரு கற்றையை எடுத்துக் கொடுத்தார். அவள் விரித்தாள். பெரிய எழுத்து மேலே வந்தது. குஞ்சு அதன்மேல் உட்கார்ந்து உடனே எச்சமிட்டது.

"என்ன எழுதியிருக்கு அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்லைம்மா."

அவர் தரையில் உட்கார்ந்தார். சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. கேட்கவேண்டிய ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது.

"அன்னைக்கு மூணு தடவை என்கிட்ட வந்தீங்க. என்னவோ சொல்ல வந்தீங்க. நான் கேட்கலை. அது என்னம்மா?"

"ஒண்ணுமில்லை அண்ணாச்சி. போனது போச்சு. நீங்க எழுந்திரிங்க, மண்ணு ஒட்டும்."

அவர் எழுந்திருக்கவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். நாலு மாதம் கரையில் உட்கார்ந்த உட்காரல் அது. மாடத்தி குஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சுள்ளியை எடுத்து ஒடித்தாள். இன்னொன்றை ஒடித்தாள். மூன்றாவதை ஒடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நீரு கேட்டீராக்கும். மூணு வருஷம் கழிச்சு."

அவர் தலை குனிந்தது.

"மெதுவாத் தூக்கிட்டுப் போங்க, குஞ்சு பொரிச்சு எட்டு நாளுதான் ஆவுதுன்னு சொல்ல வந்தேன். அவுக சாவுறதுக்கு முந்தி சொன்ன கடைசிப் பேச்சு அது. சொல்ல வுட்டீரா? பயப்படாதீங்கம்மா பயப்படாதீங்கம்மான்னு என்னைக் கூட்டத்துக்குள்ள தள்ளிவுட்டீரு. எனக்கு அன்னைக்கு இந்த ஊர்ல யார்கிட்டயும் பயமில்லை. உம்மகிட்டதான் பயம்."

அதோடு நிற்கவில்லை. புருஷன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவிடாமல் குறுக்கே வந்த கொடிக்கம்பைச் சொன்னாள். முதல்நாள் நாற்பது குஞ்சு, மறுநாள் எண்ணவே மனசில்லாமல் போனதைச் சொன்னாள். பலவேசத்தின் சாவுக்குப் பறவைகளைக் காவு கொடுத்தவள் என்று பக்கத்து ஊரில் தன்னைச் சொன்னதைச் சொன்னாள். பெரிய மனுஷன் என்றாள், பிறகு வெறும் தொண்டை என்றாள். தெருவில் இரண்டு மூன்று பேர் வந்து நின்று கேட்டார்கள். ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. தளவாய்க்குக் காது இரண்டும் கொதித்தன. ஓரிடத்தில் பழைய தளவாய் எழுந்து பதில் சொல்லத்தான் பார்த்தார். வாயைத் திறந்தவரை அவள் சுள்ளியை நீட்டி அடக்கினாள்.

"மெதுவாப் பேசும். குஞ்சு தூங்குது."

அவர் குடிசைக்குத் திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. குளம் நிறையப் பறவைகள் வந்து அடைந்துகொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. ஆசான் பட்டி வாசலில் இருந்தார். வழக்கமாகக் கேட்பதை அன்று கேட்கவில்லை.

"திட்டிட்டாங்க தோழர்" என்றார் தளவாய்.

"ரொம்பவா?"

"வேப்பமர நிழல் வாசல்லேர்ந்து நகர்ந்து தெருவுக்குப் போற வரைக்கும்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை."

"கிளம்பும்போது அக்கா ஏதாச்சும் சொன்னாங்களா?"

"நாளைக்கு மீன் கொண்டாரும், கெண்டைக்குஞ்சாப் பார்த்துக் கொண்டாரும், பெருசைக் கொண்டாந்து அதையும் கொன்னுறாதீரும்னு சொன்னாங்க."

ஆசான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை. தளவாய் நெற்றித் தழும்பின்மேல் கையை வைத்து மறைத்தபடி நின்றார்.

"என்னைக்காவது மன்னிப்பாங்களா தோழர்?"

ஆசான் வலையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"பறவை இன்னைக்குத்தானே பயம் தெளிஞ்சு வந்திருக்கு அண்ணாச்சி."